கண்மட்டம்

நாற்காலிகளுக்குக் குஷன் தைப்பது என் தொழில். வக்கீல் ஆபீஸ், பல் டாக்டர், சினிமா கொட்டகை என்று இந்த ஊரில் பாதிப் பேர் உட்காரும் இடத்துக்கு நான்தான் பொறுப்பு. முப்பது வருஷமாக ஊரை உட்கார வைத்த எனக்குச் சொந்தத் தங்கையைப் பத்து நிமிஷம் உட்கார வைக்கத் துப்பில்லாமல் போயிற்று. அதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்வதால் எதுவும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

தங்கை வேலை பார்த்தது ஒரு காப்பிக் கம்பெனியின் கிளையில். எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் ஒன்று இருக்குமே, கண்ணாடிக் கதவும் மங்கல் விளக்கும் போட்ட கடை, பேப்பர் கோப்பையில் உங்கள் பெயரைத் தப்பாக எழுதிக் கொடுப்பார்களே, அதுதான். ஒன்பது வருஷமாக அவள்தான் மெஷினில் நின்றாள். அவள் கை பட்டால் பால் சொன்னபடி கேட்கும். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். அந்த வீட்டு அடுப்பு எரிவது இந்த மெஷினை நம்பித்தான்.

ஒரு நாள் அவள் செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம்.

"மணிக்குப் பத்து நிமிஷம் உட்காரணும்மா. கால கொஞ்சம் நீட்டணும். அவ்வளவுதான். மருந்தெல்லாம் அதுக்கப்புறம். இல்லன்னா புண்ணாகும். இந்த இடத்துல புண் வந்தா லேசுல ஆறாது."

"உட்கார முடியாதே டாக்டர்," என்றாள் தங்கை.

"ஏன், வலிக்குமா?"

"இல்ல. கொள்கை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு வியாதியை அவர் படித்ததில்லை போலிருக்கிறது.

கொள்கை என்னவென்றால், அது அந்தக் கடையின் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. 'வாடிக்கையாளர் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டம்.' வருகிறவர் நின்றபடி வருகிறார், ஆகவே ஊழியரும் நின்றுதான் அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருந்தால் காப்பியில் அன்பு குறைந்துவிடும். கடையில் ஈ காக்கை இல்லாத மத்தியான நேரத்திலும் நிற்க வேண்டும். எந்த நிமிஷத்தில் எந்தக் கண் உள்ளே வரும் என்று யார் கண்டது?

எனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பட்டறையில் நல்ல ஸ்டூல் ஒன்று கிடந்தது. அதற்கு இரண்டு அங்குலப் பஞ்சு வைத்து, கருப்பு ரெக்சின் போட்டு, ஆணி வெளியே தெரியாமல் அடித்து, மறுநாள் காலையில் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் தம்பி ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது.

"அண்ணே, இது என்னண்ணே?"

"ஸ்டூல்."

"அது தெரியுதுண்ணே. எதுக்கு?"

"தங்கச்சி உட்கார. டாக்டர் சீட்டு இருக்கு, பாருங்க."

சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "உட்காரக் கூடாதுன்னு நாங்க யாருமே சொல்லலண்ணே. நிக்கணும்னுதான் சொல்லியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

"இல்லண்ணே. உட்காரக் கூடாதுன்னு சொன்னா அது கொடுமை. நிக்கணும்னு சொன்னா அது பயிற்சி." எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிறகு ஸ்டூலை வாங்கி, 'வாடிக்கையாளர் மறந்து விட்டுச்சென்ற பொருள்' என்று ஒரு சீட்டுக் கட்டி, குடைகளும் ஒற்றைக் கையுறைகளும் கிடக்கிற அலமாரியில் வைத்தார். நான் மறக்கவில்லை, எதிரிலேயே நிற்கிறேன் என்று சொன்னேன். அப்படியானால் திரும்ப வாங்க அடையாளச் சான்றோடு விண்ணப்பிக்கலாம் என்றார்.

அந்தக் கடைக்குத் தினமும் ஒரு அம்மாள் வருவார். தபாலாபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் உட்கார்ந்து சர்க்கரை இல்லாத காப்பி குடித்துக்கொண்டு பேப்பரில் பிழை பார்ப்பார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டூல் தூக்கிட்டு வந்தா நடக்காது. மனு எழுதணும். நான் எழுதறேன். கவுண்டர்ல உட்கார்ந்து எத்தன மனு வாங்கியிருக்கேன், எது திரும்பி வரும், எது வராதுன்னு எனக்குத் தெரியும்."

"நீங்க உட்கார்ந்தா வாங்கினீங்க?"

"பின்ன? நின்னுக்கிட்டா? அது கவர்ன்மென்ட்டுய்யா."

மனு அருமையாக வந்தது. அரைப் பக்கம்தான். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், மணிக்குப் பத்து நிமிஷம், அவ்வளவே. பத்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கிளையின் ஊழியர்கள் பதினோரு பேரும் போட்டார்கள். பில் போடுகிற பெண் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் குதிகாலையும் ஒருதரம் காட்டினாள். எல்லார் காலும் ஒரே கதைதான், தங்கையின் கால் முதலில் வாய் திறந்தது, அவ்வளவுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து நாலாவது நாளே பதில் வந்துவிட்டது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஊழியர்கள் பதினோரு பேரின் கையெழுத்தும் செல்லாது என்று போட்டிருந்தது. காரணம், கம்பெனியில் ஊழியர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் குடும்ப உறுப்பினர்கள். குடும்பத்துக்குள் மனு கொடுக்கும் வழக்கம் எந்த நல்ல வீட்டிலும் இல்லை.

"குடும்பம்னா வீட்டுல உட்காரலாமே?" என்று தபாலம்மா கேட்டார்.

மேனேஜர் தம்பி யோசித்தார். "இது கூட்டுக்குடும்பம்மா," என்றார். கண்ணில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

வாடிக்கையாளர் கையெழுத்துகள் செல்லும். ஆனால் காகிதத்தில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், கம்பெனியின் செயலியில்தான் போட வேண்டும். செயலியைத் திறந்தால் குறைகள் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கின்றன. காப்பி சூடு, காப்பி ஆறிவிட்டது, பாட்டுச் சத்தம், கழிப்பறை, இருக்கை வசதி. இந்த ஐந்துக்கு வெளியே மனுஷனுக்குக் குறை வரக் கூடாது. நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக 'இருக்கை வசதி'யை அமுக்கினோம்.

அடுத்த வாரமே லாரியில் புது நாற்காலிகள் வந்து இறங்கின. மொத்தம் நாலு. நல்ல தேக்கு, முதுகு சாய்ந்தது, மெத்தை வைத்தது. தங்கை மெஷினை விட்டு ஓடி வந்து தொட்டுப் பார்த்தாள். நாலும் வாடிக்கையாளர்களுக்கு. போட இடம் வேண்டுமே என்று கவுண்டரை ஒன்றரை அடி உள்ளே தள்ளினார்கள். அதனால் முன்பு மூன்று பேர் தாராளமாக நின்ற இடத்தில் இப்போது மூன்று பேரும் ஒருக்களித்து நின்றார்கள். 'நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம்' என்று வாசலில் ஒரு பலகையும் வைத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். நாங்கள் கிணறுகூட வெட்டவில்லை, மண்வெட்டியை எடுத்ததற்கே கிளம்பிவிட்டது.

தபாலம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனிமே நாமளும் உட்காரக் கூடாது. அவங்களுக்கு ஸ்டூல் வர்ற வரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே குடிப்போம். நாற்காலியெல்லாம் காலியாக் கெடக்கட்டும். அப்பதான் உறைக்கும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாற்பது பேர் வந்து நின்றார்கள். அரை மணி நேரம் ஒருவரும் உட்காரவில்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர், இரண்டு நர்ஸுகள், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திகூட நின்றாள். அவளை மட்டும் நாங்கள் கெஞ்சி உட்கார வைத்தோம். மெஷினுக்குப் பின்னால் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பைகளை நீட்டினாள். அன்றைக்கு எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. நியாயத்துக்கு இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று பட்டறையில் எல்லாரிடமும் சொன்னேன்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். நாற்பது பேரையும் படம் பிடித்தார். மறுவாரம் ஊரெங்கும் அந்தப் படம் பெரிய தட்டியில் தொங்கியது. நடுவில் தபாலம்மா, கோப்பையை உயர்த்திப் பிடித்து, கோபமாக. கீழே, 'நின்று குடிக்கத் தூண்டும் சுவை' என்று எழுதியிருந்தது. நின்று குடிப்பவர் சீக்கிரம் போய்விடுகிறார், அரை மணியில் இருமடங்கு பேருக்குக் காப்பி ஊற்றலாம் என்பதையும் கண்டுபிடித்து, நாலு தேக்கு நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய நாற்காலிகளிலும் பாதி போயிற்று. கவுண்டரை மட்டும் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை. இருமடங்கு காப்பிக்கு இருமடங்காக நின்றது யார் கால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"போதும்ண்ணே," என்றாள் தங்கை. "நீங்க ஒவ்வொரு தடவை நல்லது செய்யறப்பவும் எனக்கு வேலை கூடுது."

விட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் அவள் கணுக்காலுக்கு மேல் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுப் பழைய சீட்டில் 'உட்கார வேண்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார். அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். நான் தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போய் வரவேற்பறையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அங்கே உட்கார நல்ல வசதி. மூன்றாம் நாள், செவிசாய்ப்புத் துறையின் தலைவரே கிளைக்கு வந்து கேட்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

செவிசாய்ப்பு அதிகாரி நல்ல உயரம், நல்ல குரல். வந்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கூட வந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர்கள் மிச்சமிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஊழியர்கள் பதினோரு பேரும் சுவரோரம் நின்றார்கள். அவர் பேசினார்.

"எனக்கு ரெண்டு காது இருக்கு. கம்பெனி எனக்குச் சம்பளம் தர்றது அந்த ரெண்டுக்கும்தான். போன வருஷம் மட்டும் நாலாயிரம் குறை கேட்டிருக்கேன். ஒண்ணக்கூட பாதியில நிறுத்தினதில்ல. கேட்கறது வேற, செய்யறது வேற. செய்யறதுக்கு வேற துறை இருக்கு. அந்தத் துறையோட நாங்க பேசறதில்ல. பேசினா எங்க கேட்கும் தன்மை கெட்டுப் போயிடும்."

ஒருவர் கைதட்டினார். யாரென்று திரும்பிப் பார்த்தால் மேனேஜர் தம்பி. அதிகாரி தொடர்ந்தார்.

"நம்ம நிறுவனர் முதல் காப்பியை நின்னுக்கிட்டேதான் போட்டார். இது வெறும் கடை இல்ல, ஒரு நிமிர்வு. இன்னைக்கும் அவர் தோட்டத்துல சாய்வு நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு இதைப் பத்தித்தான் எழுதிட்டிருக்கார்."

நான் எழுந்து என் யோசனையைச் சொன்னேன். தொழில்காரன் என்பதால் அளவெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். "ஐயா, உங்க கொள்கையையே வச்சுக்குவோம். உயரமான ஸ்டூல் ஒண்ணு போட்டா, உட்கார்ந்தாலும் அவ கண்ணு நிக்கிறவர் கண்ணு மட்டத்துக்குச் சரியா வந்துடும். நான் கணக்குப் போட்டுட்டேன். நானே செஞ்சு தர்றேன்."

அவர் கண்ணை மூடி முழுவதும் கேட்டார். "கண்மட்டம் சரியா வரும். ஆனா வாடிக்கையாளர் நிப்பார், நம்ம குடும்ப உறுப்பினர் உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தர் நிக்க ஒருத்தர் உட்காரறது சமத்துவமா?"

"நாங்க உட்கார்ந்து குடிக்கறப்ப அவ நிக்கறாளே, அது என்ன?" என்றார் தபாலம்மா.

"அது சேவை."

தங்கை சுவரோரத்திலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "சார், எனக்குக் கொள்கையெல்லாம் வேணாம். கால் வலிக்குது. பத்து நிமிஷம் உட்கார்ந்தா தேவலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"கேட்டேன்மா," என்றார் அவர் மிகுந்த மரியாதையோடு. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, அவளுடைய உச்சிக்கும் கவுண்டருக்கும் நடுவே எதையோ அளந்துகொண்டிருந்தார். "நீங்க கொஞ்சம் கவுண்டருக்குப் பின்னால போய் நில்லுங்க."

நின்றாள். என் தங்கை குள்ளம். சின்ன வயதில் அதற்காக நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன். அதிகாரி தன் ஆட்களைப் பார்த்தார், ஆட்கள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் வரை வாசலில் நின்று, வருகிற நூற்று நாற்பது வாடிக்கையாளர்களின் கண் உயரத்தை அளந்தார்கள். சராசரி ஐந்தடி ஓர் அங்குலம். தங்கையின் கண் நாலடி நாலங்குலம். ஒன்பது வருஷமாக அவள் வாடிக்கையாளர் கண்ணுக்கு முக்கால் அடி கீழேயே நின்று காப்பி கொடுத்திருக்கிறாள், கொள்கை அத்தனை நாளும் மீறப்பட்டிருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. மேனேஜர் தம்பிக்கு வியர்த்துவிட்டது.

பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. ஸ்டூல் அனுமதிக்கப்படுகிறது. உயரம் முக்கால் அடி. ஏறி நிற்பதற்கு மட்டும்.

இதை ஒரு விழாவாகச் செய்தார்கள். செவிசாய்ப்பு அதிகாரி மறுபடி வந்தார். 'வாடிக்கையாளரும் குடும்பமும் கேட்ட ஸ்டூல்' என்று அதன் பக்கத்தில் பித்தளைத் தகடு அடித்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும் பரவாயில்லை, இங்கே குரங்குக்கு மாலையும் போட்டார்கள். தங்கையை அதில் ஏறச் சொன்னார்கள். ஏறினாள். முக்கால் அடி உயர்ந்துவிட்டாள். மெஷினின் கைப்பிடி இப்போது அவள் இடுப்புக்குக் கீழே போய்விட்டதால், ஒவ்வொரு காப்பிக்கும் குனிய வேண்டியிருந்தது. பால் எடுக்க இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். ஏறி இறங்குவது ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று அதிகாரி விளக்கினார்.

என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'கோரிக்கை நிறைவேறியது' என்று மனுதாரர்கள் சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மனு நிலுவையில் இருப்பதாக அர்த்தம், நிலுவையில் இருக்கும்வரை சம்பந்தப்பட்ட உறுப்பினரை மெஷினில் நிறுத்த முடியாது, வீட்டில் இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது.

"போட்டுடாதீங்க," என்றார் தபாலம்மா.

நான் தங்கையைப் பார்த்தேன். ஸ்டூல் மேல் நின்றபடி அவள் என்னைக் கீழே பார்த்தாள். "போட்டுடுங்கண்ணே. பிள்ளைக்குப் பரீட்சை வருது," என்றாள். போட்டேன். தபாலம்மா அதன் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. என்னோடும் பேசவில்லை. அவர் செய்தது சரி, நான் செய்ததும் வேறு வழியில்லாமல்தான்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு முழுக்க முழுக்க நானே காரணம். யாரையும் நொந்துகொள்ளக் கூடாது.

டாக்டரம்மா, இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். அது ஊரில் கிடைக்காமல் எங்கெங்கோ சொல்லி வைத்து, ஒரு மத்தியானம் மூன்று மணிக்குக் கைக்கு வந்தது. உடனே கொண்டுபோனேன். கடை காலி. பில் போடுகிற பெண் கிடங்கில் பால் எண்ணப் போயிருந்தாள். கவுண்டரில் யாரும் இல்லை. மெஷின் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பாப்பா," என்று தங்கையைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கவுண்டர் மேல் புதிதாக ஒரு பச்சைப் பொத்தான் வைத்திருந்தார்கள். 'யாரும் உங்களைக் கவனிக்கவில்லையா? அழுத்துங்கள்.' பின்னால் அறையில் மணி அடிக்கும், தங்கை வருவாள் என்று நினைத்து அழுத்தினேன். சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மூன்றாம் தரமும் அழுத்தினேன்.

பிறகுதான் கவுண்டர் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். தங்கை அந்த முக்கால் அடி ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, காலைக் குறுக்கே நீட்டி, அலமாரிக் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கறுத்த இடத்தில் ஒரு காகிதக் கைக்குட்டையை ஒட்டி வைத்திருந்தாள், அதில் ஈரம் கசிந்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. காலுறைப் பொட்டலத்தை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.

அந்தப் பொத்தான் அடித்தது தலைமை அலுவலகத்தில். மூன்று தரம்.

நாலாம் நாள் தங்கைக்கு நோட்டீஸ் வந்தது. அன்று மத்தியானம் மூன்று மணி முதல் அவர் பணியிடத்தில் காணப்படவில்லை, விளக்கம் தர வேண்டும். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். செயலியில் என் பெயரும் படமும் இருக்கின்றன, காமிராவில் முகமும் இருக்கிறது, எதில் தப்ப முடியும்? தங்கை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

விசாரணை தலைமை அலுவலகத்தில், ஆறாம் மாடியில். நீள மேஜை. ஒரு பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் செவிசாய்ப்பு அதிகாரி. வாடிக்கையாளர் என்பதால் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். தங்கைக்குப் போடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை, வழக்கப்படி மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நீங்க கடைக்குள்ள போனப்ப உறுப்பினரைப் பார்த்தீங்களா?"

"அவ அங்கதான் இருந்தா ஐயா. உட்கார்ந்திருந்தா."

"அது நாங்க கேட்கல. பார்த்தீங்களா?"

"எட்டிப் பார்த்தேன், பார்த்தேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எட்டிப் பார்த்தீங்களா? குனிஞ்சா?"

"கொஞ்சம் குனிஞ்சு."

அதிகாரி பேனாக்காரரிடம் சொன்னார். "குறிச்சுக்கோங்க. வாடிக்கையாளர் தன் கண்மட்டத்தைத் தாழ்த்திக்கொள்ள நேர்ந்தது." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு நேர்ந்ததுக்கு நாங்க வருந்தறோம்," என்றார்.

"எனக்கு ஒண்ணும் நேரல ஐயா! புகாரே கொடுக்கல நான். மணி அடிக்கும்னு நெனச்சு அமுக்கினேன். அவ என் கூடப் பிறந்தவ."

"அதனாலதான் உங்க புகாருக்கு மதிப்பு அதிகம். சொந்தத் தங்கைன்னும் பார்க்காம சொல்லியிருக்கீங்க."

"வாபஸ் வாங்கறேன்."

"செயலியில அதுக்கு இடம் இல்லயே," என்றார் பக்கத்தில் இருந்தவர், உண்மையான அக்கறையோடு.

டாக்டர் சீட்டை எடுத்து வைத்தேன். அதை மரியாதையாக வாங்கிக் கோப்பில் சேர்த்தார்கள். உட்கார வேண்டும் என்று டாக்டரே எழுதியிருப்பதால், அவள் உட்கார்ந்திருப்பாள் என்பதற்கு அது ஆதாரம் ஆயிற்று. நான் என்ன எடுத்துக் கொடுத்தாலும் அவர்கள் அதை வாங்கி அவள் கழுத்தில்தான் மாட்டினார்கள். கத்திப் பார்த்தேன், அதிகாரி கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன், அதையும் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்கள் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு எதாவது சொல்லணுமாம்மா?"

தங்கை எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினாள். "ஒம்பது வருஷம் சார். ஒரு காப்பி திரும்பி வந்ததில்ல."

"தெரியும்மா. அதெல்லாம் கேட்டு வச்சிருக்கோம்."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அதிகம் போனால் இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு ஒரு தாளில் மூன்று கையெழுத்துகள் விழுந்தன. அதிகாரி எழுந்து அதை இரண்டு கையாலும் தங்கையிடம் கொடுத்தார்.

"எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. இந்த நிமிஷத்திலிருந்து நீங்க எங்க குடும்ப உறுப்பினர் இல்ல."

தங்கை தாளை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அதிகாரி பதறிப் போய், ஓரத்தில் கிடந்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து, மெத்தையைக் கையால் ஒருதரம் தட்டிவிட்டு அவள் பின்னால் போட்டார்.

"ஏம்மா இன்னும் நிக்கறீங்க? இனிமே நிக்க வேண்டியதில்ல. உட்காருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டினாள்.